டேட்டா இருக்கிறது, கேள்வி எங்கே?

இந்த முறை வந்த கடிதங்களில் நிறைய, முதுகலை, முனைவர் பட்ட மாணவர்களிடமிருந்து. எல்லாம் கருத்தாடல் பகுப்பாய்வு ப்ராஜெக்ட் பற்றியவை, அதாவது பேச்சிலும் எழுத்திலும் மொழியால் மனிதர்கள் என்ன செய்கிறார்கள் என்று ஆராய்வது. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து ஒரே பதிலாக எழுதியிருக்கிறேன். பெயர்களை வேண்டுமென்றே விட்டுவிட்டேன், பாதிக் கடிதங்களில் கைடு மேல் புகார் இருக்கிறது!

கேள்வி: மேடம், "சமூக ஊடகங்களில் பெண்களின் சித்திரிப்பு: ஒரு கருத்தாடல் பகுப்பாய்வு" என்று தலைப்பு கொடுத்தேன். "இது தலைப்பு இல்லம்மா, இதில் பத்து பேர் பிஎச்.டி. பண்ணலாம்" என்று கைடு திருப்பிக் கொடுத்துவிட்டார். எப்படிச் சுருக்குவது?

பதில்: அவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார், கோபப்படாதீர்கள். எந்த ஊடகம், எந்தப் பெண்கள், யார் யாரைச் சித்திரிக்கிறார்கள், எதுவும் உங்கள் தலைப்பில் இல்லை. அதைவிடப் பெரிய சிக்கல், இதற்குப் பதில் ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது. பெண்கள் மோசமாகச் சித்திரிக்கப்படுகிறார்கள் என்று முடிக்கப் போகிறீர்கள். டேட்டாவைப் பார்க்காமலே அந்த முடிவுரையை நான் இன்றைக்கே எழுதிக் கொடுத்துவிடுவேன். அப்புறம் ஆறு மாதம் எதற்கு?

தலைப்பில் இருக்கிற சொற்களை வெட்டிக்கொண்டிருக்காமல், பேச்சு நடக்கும் ஒரு குறிப்பிட்ட இடத்துக்குப் போங்கள். உதாரணத்துக்கு, தோற்ற ஆட்டத்துக்குப் பிறகு நடக்கும் செய்தியாளர் சந்திப்பு. தோற்ற அணியின் தலைவி மைக் முன்னால் வந்து உட்கார்கிறார். "கடைசி நேரத்துல பதற்றமாயிட்டீங்களா?" என்று ஒரு நிருபர் கேட்கிறார். ஆமாம் என்றால் மாட்டிக்கொண்டார். இல்லை என்றால், பின்னே ஏன் தோற்றீர்கள் என்று அடுத்த கேள்வி தயாராக இருக்கிறது. இங்கே உங்களுக்கு ஒரு நல்ல ஆய்வுக் கேள்வி கிடைக்கிறது: தோல்விக்கான பொறுப்பை நிருபர்களின் கேள்விகள் யார் மேல் வைக்கின்றன, அதை வீராங்கனைகள் எப்படி ஏற்கிறார்கள், பங்கு போடுகிறார்கள், நழுவுகிறார்கள்? பிறகு ஆண்கள் அணித் தலைவர்களின் சந்திப்புகளையும் எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் எதுவும் இல்லை என்று வந்தாலும் அது கண்டுபிடிப்புதான், அழ வேண்டாம். செய்திப் பேட்டிகளில் கேள்விகள் எப்படிக் கட்டப்படுகின்றன என்று ஸ்டீவன் கிளேமனும் ஜான் ஹெரிட்டேஜும் விரிவாக எழுதியிருக்கிறார்கள், அங்கிருந்து வாசிக்கத் தொடங்கலாம்.

பொதுவாகவே, ஆய்வுக் கேள்வி "எப்படி" என்று இருந்தால் பிழைத்தீர்கள். குறை சொல்வது, மறுப்பது, மன்னிப்புக் கேட்பது, அறிவுரை சொல்வது என்று ஏதாவது ஒரு செயலைச் சுற்றி அமைந்தால் இன்னும் நல்லது. "நிருபர் ஏன் அப்படிக் கேட்டார்?" என்ற கேள்வியை மட்டும் விட்டுவிடுங்கள். அவர் மனதில் இருந்தது டிரான்ஸ்கிரிப்டில், அதாவது பேச்சைக் கேட்டு எழுதிய படியில், கிடைக்காது.

கேள்வி: வகுப்பறைப் பேச்சை ஆராய்கிறேன். பத்து மணி நேரம் ஒலிப்பதிவு வைத்திருக்கிறேன். முழுவதையும் டிரான்ஸ்கிரைப் செய்ய வேண்டுமா? சாஃப்ட்வேரிடம் கொடுக்கலாமா?

பதில்: முழுவதையும் நுணுக்கமாக எழுத உட்கார்ந்தால் படிப்பே முடிந்துவிடும். வெறும் சொற்களை மட்டும் எழுதினாலே ஒரு மணி நேரப் பதிவுக்கு நாலைந்து மணி நேரம் சர்வசாதாரணமாகப் போகும். கெய்ல் ஜெஃபர்சன் உருவாக்கிய முறையில், இடைவெளியை நொடிக் கணக்கில், ஒருவர் பேச்சு இன்னொருவர் பேச்சின் மேல் ஏறும் இடத்தைச் சதுர அடைப்புக்குறியில், இழுத்துச் சொன்ன ஒலியை முக்காற்புள்ளியில் என்று குறிக்கப் போனால், ஒரு நிமிடப் பேச்சே ஒரு மணி நேரத்தை விழுங்கும்.

ஆகவே பத்து மணி நேரத்தையும் முதலில் காதால் கேளுங்கள். கேட்டுக்கொண்டே எந்த நிமிடத்தில் என்ன நடக்கிறது என்று ஒற்றை வரிக் குறிப்பு மட்டும் போடுங்கள். இரண்டாவது முறை கேட்கும்போது ஏதோ ஒன்று திரும்பத் திரும்ப வருவது காதில் விழும். ஆசிரியர் கேட்கிறார், மாணவர் சொல்கிறார், ஆசிரியர் அதற்கு "ம், சரி" என்கிறார். இந்த மூன்றடுக்கு அமைப்பை சிங்க்ளேரும் கௌல்தர்டும் 1975-லேயே எழுதிவிட்டார்கள், அதை மறுபடி கண்டுபிடித்து மதிப்பெண் வாங்க முடியாது. ஆனால் மாணவர் தப்பாகச் சொன்ன பிறகு அந்த மூன்றாவது இடத்தில் என்ன நடக்கிறது? ஆசிரியர் "தப்பு" என்கிறாரா, சும்மா இருக்கிறாரா, அதே கேள்வியை இன்னொருவரிடம் திருப்புகிறாரா? அந்த இடங்களை மட்டும் பொறுக்கி எடுத்து நுணுக்கமாக எழுதினால் போதும்.

சாஃப்ட்வேர், முதல் வரைவுக்குச் சரி. ஆனால் அது "ம்ம்", "இல்ல அது வந்து", பாதியில் நின்ற சொல், திக்கல், மௌனம் என்று நமக்கு வேண்டியதையெல்லாம் குப்பை என்று கூட்டித் தள்ளிவிடும். ஒலியோடு வைத்து வரிக்கு வரி திருத்தாமல் பயன்படுத்தாதீர்கள். இன்னொன்று, ஏதோ ஒரு இணையச் சேவையில் பதிவை ஏற்றினால், மாணவர்களின் குரலை மூன்றாம் நபருக்குக் கொடுக்கிறீர்கள் என்று அர்த்தம். நீங்கள் வாங்கிய சம்மதக் கடிதத்தில் அதற்கு இடம் இருக்கிறதா என்று பாருங்கள். கணினியிலேயே வேலை செய்ய ஈலன் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. ஒலியையும் எழுத்தையும் நேரக்கோட்டில் சேர்த்து வைக்க அது நன்றாகவே உதவும்.

கேள்வி: மருத்துவர்–நோயாளி உரையாடலை முறையாக அனுமதி வாங்கிப் பதிவு செய்தேன். பகுப்பாய்வு சாப்டரைப் படித்த கைடு "இது சுருக்கம், பகுப்பாய்வு இல்லை" என்று எழுதிவிட்டார். எனக்கு இரண்டுக்கும் வித்தியாசமே புரியவில்லை. ஒரு பகுதியை அனுப்பியிருக்கிறேன்.

1 மருத்துவர்: மாத்திரை எல்லாம் ஒழுங்கா சாப்பிடுறீங்களா?
2 (1.2)
3 நோயாளி: ம்ம்.. சாப்பிடுறேன் டாக்டர். ராத்திரி மாத்திரை மட்டும் சில நேரம்
4 (0.5)
5 மருத்துவர்: விட்டுப்போயிடுதா?
6 நோயாளி: வேலை முடிஞ்சு வர லேட் ஆயிடுது டாக்டர்.

"இங்கே மருத்துவர் தன் அதிகாரத்தால் நோயாளியை விசாரிக்கிறார். நோயாளி பயந்து உண்மையை மறைக்க முயல்கிறார்" என்று எழுதியிருந்தேன்.

பதில்: இது அருமையான டேட்டா. அதை இரண்டு வாக்கியத்தில் வீணாக்கிவிட்டீர்களே என்றுதான் வருத்தம்.

வரிவரியாகப் போவோம். முதல் வரியில் "ஒழுங்கா" என்ற சொல் இருக்கிறது. "ஆமா" என்ற பதிலை எதிர்பார்த்துக் கட்டிய கேள்வி அது. "இல்லை" என்று சொன்னால் நோயாளி ஒழுங்கில்லாதவர் ஆகிவிடுகிறார். அதனால் இரண்டாவது வரியில் 1.2 நொடி மௌனம். எண்ணிப் பாருங்கள், பேச்சுக்கு நடுவே அது நீளம்தான். எதிர்பார்த்த பதில் பெரும்பாலும் உடனே வரும், எதிர்பாராத பதில் தயங்கி, சுற்றி வளைத்து, காரணத்தோடு வரும் என்று அனிட்டா பொமரன்ட்ஸ் 1984-ல் எழுதியது இந்த இடத்துக்கு அப்படியே பொருந்தும். மூன்றாவது வரியில் நோயாளி முதலில் "சாப்பிடுறேன்" என்று ஒப்புக்கொண்டுவிட்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அதைக் கரைக்கிறார்: ராத்திரி, மட்டும், சில நேரம். வினைச்சொல் வர வேண்டிய இடத்தில் வாக்கியம் நின்றுவிடுகிறது. "சாப்பிடுவதில்லை" என்ற சொல் அவர் வாயிலிருந்து கடைசிவரை வரவே இல்லை.

எனக்கு மிகவும் பிடித்தது ஐந்தாவது வரி. அந்த மிச்ச வாக்கியத்தை மருத்துவர் முடித்து வைக்கிறார். "விட்டுடுறீங்களா?" என்று கேட்டிருக்கலாம், அப்படிக் கேட்டால் விட்டவர் நோயாளி. "விட்டுப்போயிடுதா?" என்கிறார், இப்போது மாத்திரை தானாக விட்டுப்போகிறது, யார் மேலும் பழி இல்லை. மருத்துவர் நோயாளிக்கு ஒரு வழி திறந்துவிடுகிறார். நோயாளி அந்த வழியிலேயே போகிறார். ஆறாவது வரியில் ஆமாம், இல்லை எதுவும் கிடையாது, நேராகக் காரணம். அந்தக் காரணமும் "லேட் ஆயிடுது" என்று மருத்துவர் போட்டுக் கொடுத்த அதே இலக்கண வடிவில் வருகிறது பாருங்கள்! மாத்திரை தவறுகிறது என்பதை இருவரும் ஒப்புக்கொண்டாயிற்று, ஆனால் ஒருவரும் அதை நேரடியாகச் சொல்லவில்லை.

இப்போது உங்கள் வாக்கியத்துக்கு வாருங்கள். "அதிகாரத்தால் விசாரிக்கிறார்" என்றால் ஐந்தாவது வரியை என்ன செய்வீர்கள்? "பயந்து" என்பதற்கு ஆதாரம் எந்த வரியில் இருக்கிறது? மறைக்க நினைத்தவர் "ராத்திரி மாத்திரை மட்டும்" என்று தானாக எதற்குத் தொடங்குகிறார்? இந்தப் பேச்சில் அதிகாரம் இல்லை என்று நான் சொல்லவில்லை. கேள்வி கேட்கும் உரிமை முழுக்க ஒருவரிடம்தான் இருக்கிறது, "டாக்டர்" என்ற விளி இரண்டு முறை வருகிறது. ஆனால் அது வேலை செய்யும் விதம் நீங்கள் நினைத்ததைவிட மென்மையானது, அதைக் காட்டுவதுதான் உங்கள் ஆய்வு.

ஒரு பேச்சுக்கு நாம் கொடுக்கும் பொருள் சரிதானா என்று பார்க்க, அடுத்தவர் அதை எப்படி எடுத்துக்கொண்டார் என்று அடுத்த வரியில் தேட வேண்டும். சாக்ஸ், ஷெக்லாஃப், ஜெஃபர்சன் மூவரும் 1974 கட்டுரையில் சொன்ன இந்தச் சோதனை ஒன்றைப் பிடித்துக்கொண்டாலே பாதி சாப்டர் எழுந்து நிற்கும். அப்படியே சார்ல்ஸ் ஆன்டகி, மைக்கேல் பில்லிக், டெரெக் எட்வர்ட்ஸ், ஜொனதன் பாட்டர் நால்வரும் 2003-ல் எழுதிய கட்டுரையையும் தேடிப் படியுங்கள். பகுப்பாய்வு என்ற பெயரில் மாணவர்கள் செய்யும் ஆறு குறைகளை அதில் வரிசைப்படுத்தியிருக்கிறார்கள்: சுருக்கிச் சொல்வது, ஒரு பக்கம் சாய்வது, மேற்கோளாக அடுக்குவது இப்படி. உங்கள் கைடு அதைப் படித்திருக்கிறார் என்பது என் ஊகம்.

கேள்வி: நான் எடுத்த இருபத்திரண்டு தொலைபேசி அழைப்புகளில் ஒன்று மட்டும் என் கண்டுபிடிப்புக்கு ஒத்துவரவில்லை. அதை நீக்கிவிடலாமா?

பதில்: நீக்கவே கூடாது. சொல்லப்போனால் உங்கள் ப்ராஜெக்டிலேயே விலை உயர்ந்த அழைப்பு அதுதான். எமானுவேல் ஷெக்லாஃப் 1968-ல் வெளியிட்ட கட்டுரையில் சுமார் 500 தொலைபேசி அழைப்புகளின் தொடக்கத்தை ஆராய்ந்தார். எடுப்பவர்தான் முதலில் பேசுவார் என்ற விதி எல்லாவற்றுக்கும் பொருந்தியது, ஒன்றைத் தவிர. அந்த ஒன்றில் எடுத்தவர் பேசவில்லை, அழைத்தவர் "ஹலோ" என்று தொடங்கினார். விதிவிலக்கு என்று தள்ளாமல் ஷெக்லாஃப் தன் விதியையே திருத்தி எழுதினார்: தொலைபேசி மணி என்பது ஒரு கூப்பிடுதல், எடுப்பவரின் "ஹலோ" அதற்குப் பதில். பதில் வராததால் அழைத்தவர் மறுபடி கூப்பிடுகிறார். இப்படிப் பார்த்தால் எல்லா அழைப்புகளும் உள்ளே வந்துவிடுகின்றன.

உங்கள் இருபத்திரண்டாவது அழைப்பில் அவர்களே எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று கவனியுங்கள். ஏதோ வழக்கத்துக்கு மாறாக நடந்தது என்பதுபோலத் தடுமாறுகிறார்களா, மன்னிப்புக் கேட்கிறார்களா? அப்படியென்றால் உங்கள் விதி அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. ஒன்றுமே நடக்காததுபோல் மேலே போய்விட்டார்களா? அப்போது திருத்த வேண்டியது உங்கள் விதியை.

கேள்வி: செய்தித்தாள் தலைப்புகளை விமர்சனப் பார்வையில் ஆராய்கிறேன், மொழியில் அதிகாரம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கும் நார்மன் ஃபேர்கிளஃபின் முறையில். "போராட்டக்காரர்கள் மீது தடியடி" என்ற தலைப்பில் அடித்தவர் யார் என்பது மறைக்கப்பட்டுள்ளது என்று எழுதினேன். செமினாரில் ஒருவர் "அது இடப் பற்றாக்குறை" என்று சொன்னதும் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். இதோடு உரையாடல் பகுப்பாய்வையும் (பேச்சை வரிக்கு வரி, ஒருவர் பேச்சுக்கு அடுத்தவர் பதில் என்று பார்க்கும் முறை) சேர்த்தால் வலுவாகுமா?

பதில்: சிரித்தவர்களை விடுங்கள், ஆனால் அந்த ஆட்சேபத்தை விட முடியாது. "திருடன் கைது" என்ற தலைப்பிலும் கைது செய்தவர் யார் என்று இல்லை. அங்கே யாரும் எதையும் மறைப்பதாக நமக்குத் தோன்றுவதில்லை, ஏனென்றால் யார் கைது செய்வார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். தடியடிக்கும் அதே கதைதானே? ஒரு இலக்கண வடிவத்தைக் கண்டவுடன் அதற்கு ஒரு உள்நோக்கத்தை ஒட்டுவதுதான் இந்த முறையில் விழும் அடி. தனக்கு வேண்டிய உதாரணத்தை மட்டும் பொறுக்குகிறார்கள் என்று ஹென்றி விடோசன் 1990-களில் ஃபேர்கிளஃப் தரப்பைக் கடுமையாகச் சாடியதும் ஏறக்குறைய இதற்காகத்தான்.

அதனால் உங்கள் வாதம் செத்துவிடவில்லை, ஒப்பீடு வேண்டும், அவ்வளவுதான். அதே நாளில் அதே நிகழ்ச்சிக்கு வேறு பத்திரிகைகள் என்ன தலைப்பு வைத்தன? "போலீசார் மீது கல்வீச்சு" என்று வந்ததா, "போராட்டக்காரர்கள் கல்வீச்சு" என்று வந்ததா? கல்லை எறிந்தவருக்குப் பெயர் கிடைத்து, தடியால் அடித்தவருக்குக் கிடைக்கவில்லை என்று ஒரு பத்திரிகையில் தொடர்ந்து வந்தால், இடப் பற்றாக்குறை ஒரு பக்கத்துக்கு மட்டும் எப்படி வருகிறது என்று நீங்கள் எழுந்து கேட்கலாம். தலைப்பில் விடுபட்டவர் செய்தியின் எத்தனையாவது பத்தியில் வருகிறார் என்றும் பாருங்கள். ஃபேர்கிளஃப் பனுவல் (எழுதப்பட்ட அந்த வரிகள்), அது உருவாகி வாசிக்கப்படும் நடைமுறை, சமூக நடைமுறை என்று மூன்று அடுக்கு சொன்னார். மாணவர்கள் முதல் அடுக்கிலிருந்து ஒரே தாவலில் மூன்றாவதில் போய் உட்கார்ந்துவிடுகிறார்கள். ஒரு தலைப்பை யார் எழுதுகிறார்கள், யார் வெட்டுகிறார்கள், செய்தி நிறுவனத்திலிருந்து வந்ததா என்ற நடு அடுக்கு அநாதையாகக் கிடக்கிறது. அங்கே கொஞ்சம் உழையுங்கள்.

உரையாடல் பகுப்பாய்வைச் சேர்ப்பது? இந்த டேட்டாவுக்கு வேண்டாம். தலைப்பு ஒரு உரையாடல் இல்லை. அதோடு இரண்டு முறைகளுக்கும் அடிப்படையிலேயே சண்டை இருக்கிறது. பேசுபவர்கள் தாங்களே பொருட்படுத்தாத, பாலினம் போன்ற வகைப்பாடுகளை ஆய்வாளர் வெளியிலிருந்து திணிக்கக் கூடாது என்று ஷெக்லாஃப் 1997-ல் எழுதினார். மார்கரெட் வெதரெல் 1998-ல் அதற்கு மறுப்பு எழுதினார். இரண்டையும் வாசித்துவிட்டு, சேர்க்கலாம் என்று உங்களால் வாதாட முடிந்தால் சேருங்கள். மெத்தடாலஜி சாப்டரில் பெயர்கள் கூடினால் கனமாகத் தெரியும் என்பதற்காகச் சேர்த்தால் வைவாவில் முதல் கேள்வியே அங்கிருந்துதான் வரும்.

கேள்வி: எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் மூன்று வருட மெசேஜ்கள் இருக்கின்றன. நானும் உறுப்பினர்தானே, எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: உறுப்பினராக இருப்பது அனுமதி ஆகாது. அவர்கள் நண்பரிடம் பேசினார்கள், ஆய்வாளரிடம் பேசவில்லை. பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் ஒப்புதலை முதலில் வாங்குங்கள், டேட்டா எடுத்த பிறகு வாங்குவது வேலைக்காகாது. பிறகு ஒவ்வொருவரிடமும் சம்மதம். மறுத்தவர்களின் மெசேஜை எடுக்க முடியாது, அதனால் நடுநடுவே ஓட்டை விழும். அதைத் தாங்கும்படி திட்டமிடுங்கள். பெயரை மாற்றினால் போதும் என்று நினைக்காதீர்கள், அந்தக் குழுவில் இருக்கிற எல்லாருக்கும் யார் எழுதியது என்று படித்தவுடன் தெரியும். பொதுவெளிப் பதிவுகளுக்கும் இதே கதைதான், ஒரு வரியைத் தேடுபொறியில் போட்டால் எழுதியவர் வந்து நிற்பார்.

கேள்வி: எத்தனை உரையாடல்கள் இருந்தால் போதும்?

பதில்: உங்கள் ஆய்வுக் கேள்விக்குப் போதுமானவை. இப்படிச் சொன்னால் திட்டுவீர்கள், அதனால் இன்னும் கொஞ்சம்: புதிதாக ஒன்றை எடுத்துப் பார்க்கும்போது இதுவரை எழுதியதில் எதுவும் மாறவில்லை என்ற நிலை வந்தால் நிறுத்தலாம். முதுகலைக்கு ஐந்தாறு உரையாடல்களை ஆழமாகப் பார்த்தவரை நான் மதிப்பேன், நூறு உரையாடலுக்கு பை சார்ட் போட்டவரை அல்ல.

கேள்வி: சமர்ப்பிக்க இன்னும் ஒரு மாதம்தான். லிட்டரேச்சர் ரிவ்யூ அறுபது பக்கம் முடித்துவிட்டேன், பகுப்பாய்வு தொடங்கவில்லை. என்ன செய்வது?

பதில்: அந்த அறுபது பக்கத்தை மூடி வையுங்கள், தயவுசெய்து அதைத் திருத்தாதீர்கள். திருத்துவது வேலை செய்வதுபோலவே இருக்கும், அதுதான் ஆபத்து.

இன்றைக்கே உங்களுக்கு மிகவும் பிடித்த ஒரு பகுதியை எடுங்கள், பத்துப் பதினைந்து வரிக்கு மேல் வேண்டாம். வரிக்கு எண் போடுங்கள். மேலே இரண்டு வாக்கியத்தில் இது எங்கே, யாருக்கு நடுவில் நடந்தது என்று சொல்லுங்கள். கீழே, மருத்துவர் கேள்விக்குச் செய்ததுபோல, வரி எண்ணைச் சுட்டிச் சுட்டி எழுதுங்கள். டேட்டா தமிழில், ஆய்வேடு ஆங்கிலத்தில் என்றால் மூலத்தை நீக்கிவிடாதீர்கள். மூலம், அதன் கீழே சொல்லுக்குச் சொல் பொருள், அதன் கீழே இயல்பான மொழிபெயர்ப்பு, இந்த வரிசை. பகுப்பாய்வு எப்போதும் மூல வரி மேல்தான் நிற்க வேண்டும். இப்படி ஆறேழு பகுதிகளை எழுதி முடித்த பிறகு அச்சடித்துத் தரையில் பரப்பி, எது எதோடு சேர்கிறது என்று பாருங்கள், சாப்டரின் உட்தலைப்புகள் அங்கேயே கிடைக்கும். அதன் பிறகு அந்த அறுபது பக்கத்தைத் திறந்து, பகுப்பாய்வில் நீங்கள் உண்மையிலேயே பயன்படுத்திய ஆட்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை வழியனுப்புங்கள். இருபது பக்கம் மிஞ்சினாலே அதிகம். முன்னுரை கடைசி வாரத்துக்கு.